எதையும் நம்பாத மூஞ்சி

அவர் சட்டைப்பையில் பேனா இருந்து நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். மஞ்சள் பிடி, தேய்ந்த முனை. மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற பிறகும் காக்கிச் சட்டையை அவர் விடவில்லை, டெஸ்டரையும் விடவில்லை. காரைக்கால் தலத்தெருவில் எங்கள் வரிசைக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவர் லைன்மேன் சார்தான். பெயர் ஒன்று இருந்தது. அதை எழுதினால் எப்படியாவது அவர் கண்ணில் பட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

எனக்கு ஜெராக்ஸ், லேமினேஷன் கடை. பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பெரியவர்களுக்கு உயிர்ச்சான்று நகல், நெரவிப் பக்கத்து ஆட்களுக்குப் பட்டா நகல், காரைக்கால்மேட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் படகுக் காகிதம், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட் என்று காலையிலிருந்து மெஷின் ஓடும். மெஷினைவிட என் வாய் அதிகமாக ஓடும் என்பது என் மாமியாரின் கணிப்பு. அதை மறுத்துப் பேசவே எனக்குப் பத்து நிமிஷம் ஆகும்.

லைன்மேன் சார் எங்கள் கடைக்குள் முதலில் வந்தது ஒரு பிளக் பாயின்ட் கருகியபோது. "மெயின ஆஃப் பண்ணிட்டேன் சார், தைரியமா தொடுங்க" என்றேன். அவர் டெஸ்டரை எடுத்துத் துளைக்குள் வைத்தார். அதற்குள் இருக்கும் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. இன்வெர்ட்டர் லைனும் அந்த வழியாகத்தான் வருகிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"ஆஃப் பண்ணிட்டேன்னு சொன்னியேம்மா."

"பண்ணேன் சார். சத்தியமா பண்ணேன்."

"நீ பண்ணிருப்ப. கரண்டுக்கு அது தெரியணும்ல?"

அவர் சாவகாசமாகச் சிரித்தார். "ஒன்ன நம்பாம இல்ல தங்கச்சி. யாரு சொன்னாலும் வச்சுப் பாக்காம தொடமாட்டேன். அதான் இன்னும் பத்து வெரலும் பத்திரமா இருக்கு" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

வேலையில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும் அவர் அப்படித்தான். நாகூருக்குப் பஸ் ஏறினால் கண்டக்டரிடம் கேட்பார், டிரைவரிடம் கேட்பார், பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரிடமும் கேட்பார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் காலண்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, அன்னிக்கு முகூர்த்தம் இருக்கு" என்று ஒப்புதல் கொடுப்பார். அவர் வேலையில் இருந்த காலத்தில், புயல் அடித்து ஓய்ந்த ஒரு வாரம், மூன்று நாளாகக் கரண்ட் இல்லாமல் தெருவே கொதித்துக்கொண்டிருந்தது. மேலதிகாரி போனில், லைன் செத்துக் கிடக்கிறது, ஏறலாம் என்று சொல்லிவிட்டார். இவர் கம்பத்தடியில் நின்று ஒவ்வொரு கம்பியாகச் சோதித்துக்கொண்டிருந்தார். தெருக்காரர்கள் திட்டினார்கள். ஒருவர் கெட்ட வார்த்தையே சொன்னார். இவர் காதில் வாங்கவில்லை. சோதித்து முடித்த பிறகுதான் ஏறினார்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு தடவை வைத்துப் பார்க்காமல் விட்டார். நான் சொன்னேன் என்பதற்காக விட்டார். அதில் போனது அவர் விரல் இல்லை. அவருடைய மனைவி அவரைத் தன் கணவர் என்று கண்டுகொள்வதற்கு இருந்த ஒரே படம் போயிற்று.

அந்த அம்மாவுக்கு மறதி எப்போது தொடங்கியது என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதங்களை நகல் எடுக்க வந்த ஒருநாள் சொன்னார். "காலையில காப்பி போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தேன் தங்கச்சி. யாருங்க நீங்க, எங்க வீட்டு அடுப்படில ஒங்களுக்கு என்ன வேலைன்னு கேக்குறா." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அவர் கண்ணைப் பார்த்தேன். வீட்டில் படங்கள் ஒட்டி வையுங்கள், பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் பிடிபடும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

அந்த வாரம்தான் நான் ஒரு புது மெஷின் வாங்கியிருந்தேன். உள்ளங்கை அளவுதான். போனிலிருந்து படத்தை அனுப்பினால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய தாளில் கலர்ப் படமாகக் கொடுக்கும். பின்பக்கத் தாளை உரித்தால் ஒட்டிக்கொள்ளும். இதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காதா என்று காத்திருந்த எனக்கு லைன்மேன் சார் கிடைத்தார்.

"இதுல மையே கிடையாது சார். டப்பா மாத்த வேண்டாம், ஒழுகாது, காய வைக்க வேண்டாம்."

"மை இல்லாம எப்படிம்மா படம் வரும்?"

"தாளுக்குள்ளயே கலர் இருக்கு சார், தூங்கிட்டு இருக்கும். மெஷின் சூடு குடுத்தா முழிச்சுக்கும். எந்த எடத்துல எவ்வளவு சூடோ, அந்த எடத்துல அந்தக் கலரு. அவ்வளவுதான் வித்தை. இன்னும் பத்து வருஷத்துல பாருங்க, வீட்டுக்கு வீடு மிக்சி இருக்குற மாதிரி இது இருக்கும். ஸ்டுடியோவுக்கு யாரு போவா?"

இது என் வாயால், என் கடையில், நான் சொன்னது. சூடு பட்டால் கலர் மாறும் தாள் என்று அவருக்குப் பாடம் எடுத்தவளே நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செய்து காட்டுவதற்காக அவர் போனிலேயே அவரை ஒரு படம் எடுத்தேன். அந்த நேரத்தில் அவர் போனைப் பார்க்கவில்லை, மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு புருவம் மேலே போயிருந்தது, உதடு ஒரு பக்கம் இழுத்திருந்தது. படம் மெதுவாக வெளியே வந்ததும் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். அழியவில்லை. என் தண்ணீர் சொம்பில் ஒரு மூலையை முக்கி எடுத்தார். கலரும் போகவில்லை. வெளியே கொண்டுபோய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து, "தேவலையே" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

"போன்ல எடமே இல்லன்னு காட்டுதும்மா. இத என்ன பண்றது?"

"கையில படம் வந்தாச்சுல்ல சார்? இனிமே போன்ல எதுக்கு?" என்று நானே வாங்கி நானே அழித்தேன். ஒவ்வொரு படத்தையும் அச்சடித்த கையோடு அழித்துவிட வேண்டும் என்று முறையும் சொல்லிக் கொடுத்தேன். மெஷினையும் அவருக்கே கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொண்டேன்.

மாங்கனித் திருவிழா முடிந்த பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். வீடு முழுக்கக் குட்டிக் குட்டிப் படங்கள். கழிவறைக் கதவில் கழிவறைப் படம், பீரோவில் புடவைப் படம், சர்க்கரை டப்பாவில் சர்க்கரை. அந்த அம்மா உப்பு டப்பாவைத் தூக்கி என்னிடம் காட்டினார்.

"உப்பு டப்பா மேல உப்பு டப்பா படத்த ஒட்டி வச்சிருக்காங்க பாரும்மா. யாருக்கோ மூளை கலங்கிருச்சு போல."

அவருக்கு நினைவுதான் குறைந்ததே தவிர, குறும்பு அப்படியே இருந்தது. என்னை ஆசிரியை என்று நினைத்துக்கொண்டு பேசினார். நானும் ஆசிரியையாகவே பதில் சொன்னேன்.

எல்லாவற்றுக்கும் படம் ஒட்டியாயிற்று, தன்னைக் காட்டத்தான் லைன்மேன் சாருக்குப் படம் அமையவில்லை. கல்யாண ஆல்பத்தைக் காட்டினால், "இந்தப் பையன் என் தம்பி மாதிரி இருக்கான்" என்று அந்த அம்மா சொல்வாராம். மகள் கல்யாணத்தில் பட்டு வேட்டியோடு நிற்கும் படத்தைக் காட்டினால், "இவரு பொண்ணோட அப்பா. பாவம், களைச்சுப் போயிருக்காரு" என்பாராம். வேலை பார்த்த காலத்துப் படங்களில் அவர் கம்பத்து உச்சியில் ஒரு புள்ளியாக இருந்தார். கடைசியில் என் கடையில் எடுத்த அந்தச் செய்முறைப் படம் கையில் அகப்பட்டது. அந்த அம்மா பார்த்ததும் கைதட்டிச் சிரித்துவிட்டார்.

"இதான் எங்க வீட்டுக்காரரு! எதையும் நம்பாத மூஞ்சி!"

அன்றையிலிருந்து அந்தப் படத்தை அந்த அம்மா ஒட்டவே விடவில்லை. இடுப்பில் செருகும் சின்ன பர்ஸில் வைத்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் லைன்மேன் சார் போய் நிற்பார். அந்த அம்மா பர்ஸைத் திறந்து படத்தை எடுத்து அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடிப்பார். இவர் ஒரு புருவத்தை மேலே தூக்குவார். அந்த அம்மா படத்தை ஒரு தடவை, ஆளை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரி, நீங்கதான். உக்காருங்க" என்பார். அதன் பிறகுதான் காப்பி, மாத்திரை, குளியல் எல்லாம். "என்னையே டெஸ்டர் வச்சுப் பாக்குறா தங்கச்சி" என்று அவர் அதைச் சொல்லும்போது முகத்தில் பெருமை இருக்கும். இத்தனை வருஷமாக ஊரையே சோதித்தவர், தன்னைச் சோதிக்க ஒரு ஆள் இருப்பதை அனுபவித்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

தினமும் எடுத்து வைத்து, வியர்வை பட்டு, படத்தின் ஓரங்கள் சுருண்டுவிட்டன. ஒரு மூலையில் தோல் உரியத் தொடங்கியது. பரீட்சை சமயம் அது. ஹால் டிக்கெட்டும் கையுமாகப் பத்துப் பதினைந்து பேர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். லைன்மேன் சார் வந்து, கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றார், கூட்டம் குறையவில்லை. கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்ததைப் பிரித்துக் காட்டினார்.

"அவ தூங்கிட்டு இருக்கா. எந்திரிக்கிறதுக்குள்ள கொண்டுபோயிரணும். என்ன பண்ணலாம் இதுக்கு?"

"குடுங்க சார், லேமினேஷன் போட்டுத் தர்றேன். தண்ணியில போட்டாக்கூட ஒண்ணும் ஆகாது."

அவர் உடனே கொடுக்கவில்லை. லேமினேஷன் மெஷினைப் பார்த்தார். அந்தப் புருவம் மேலே போனது.

"அது சூடால்ல இருக்கும்?"

"லேசான சூடுதான் சார். பதினஞ்சு வருஷமா போடுறேன். ரேஷன் கார்டுலேருந்து கல்யாணப் படம் வரைக்கும் என் கையில எது கெட்டுருக்கு?"

"வீட்டுல வேஸ்ட்டுப் படம் ஒண்ணு கெடக்கு. எடுத்துட்டு வர்றேன். மொதல்ல அத வுட்டுப் பாத்துரலாமா?"

என்னமாய்க் கேட்டார்! இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. போய்விட்டு வரக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். வரிசையில் நின்ற ஒரு பெண், அக்கா சீக்கிரம் என்றாள். எனக்கும் என் கெட்டிக்காரத்தனத்தை நாலு பேர் முன்னால் ஒருவர் சந்தேகப்படுகிறாரே என்று லேசாகச் சுருக்கென்றது. அதுதான் உண்மை. அவசரம் என்று இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லி வந்தேன், அவசரம் கொஞ்சம்தான்.

"ஒங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம் சார். இதுல என்ன கரண்டா அடிக்கப் போவுது? என்ன நம்ப மாட்டீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். புருவம் இறங்கியது. "சரி, நீ சொன்னா சரிதான்" என்று படத்தை என் கையில் கொடுத்தார்.

பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மெஷினில் விட்டேன். அந்தப் பக்கம் வெளியே வரும்போது முதலில் காக்கிச் சட்டை இருக்க வேண்டிய இடம் வந்தது. கருநீலமாக இருந்தது. ஏதோ நிழல் என்று நினைத்தேன். பிறகு கழுத்து இருக்க வேண்டிய இடம், அதுவும் கருநீலம். பிடித்து இழுக்கவும் முடியாது, உருளை தன் போக்கில்தான் விடும். அவரும் நானும் பார்த்துக்கொண்டே நின்றோம். முழுசாக வெளியே வந்தபோது நாவல்பழத் தோல் நிறத்தில் ஒரு அட்டை, பளபளவென்று, நாலு பக்கமும் நேர்த்தியாக ஒட்டப்பட்டு என் கையில் இருந்தது. முகம் என்று எதுவும் இல்லை. தாளுக்குள் மிச்சமிருந்த கலரையெல்லாம் என் மெஷின் எழுப்பிவிட்டிருந்தது.

"சார்" என்றேன்.

அவர் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவால்லம்மா. பிள்ளைங்க நிக்குதுங்க, அதப் பாரு" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார்.

மறுநாளே கடையைச் சாத்திவிட்டு அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அதே காக்கிச் சட்டை, அதே டெஸ்டர், அதே இடம். மெஷினைப் பார்க்கச் சொன்னேன். புருவத்தைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார். முப்பது, நாற்பது படங்கள் எடுத்திருப்பேன். எதையும் போனிலிருந்து அழிக்கவில்லை, எனக்குப் புத்தி வந்திருந்தது. நன்றாக வந்ததாகத் தோன்றிய நாலைந்தை அச்சடித்துக் கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாங்க சார்?"

"இவரு அவரு மாதிரிதான் இருக்காரு, ஆனா கெஞ்சுறாருன்னு சொல்றா. எங்க வீட்டுக்காரரு யாருகிட்டயும் கெஞ்சமாட்டாருங்கிறா."

படங்களை வாங்கிப் பார்த்தேன். அந்த அம்மா சொன்னது சரி. புருவம் மேலேதான் இருந்தது, கண் மட்டும் எப்படியாவது இது ஒத்துவர வேண்டுமே என்று கேட்டது. அந்தக் கண்ணை எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் பல தடவை எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் முகம் இன்னும் பணிவாகிக்கொண்டே போனது.

இப்போது அந்த மெஷினில் இன்னும் நல்ல வகையெல்லாம் வந்துவிட்டது. பிள்ளை பிறந்த வீடு, புதுமனை புகுவிழா என்று ஊரில் பல வீடுகளில் இருக்கிறது. வீட்டிலேயே படம் போட்டுக்கொள்ளும் காலம் வரும் என்று நான் சொன்னது பலித்துவிட்டது. நானும் கடையில் வைத்து விற்கிறேன், ஆனால் வாங்க வருகிறவர்களிடம் மை இல்லாத அதிசயத்தை நான் பேசுவதில்லை. சூடு காட்டாதீர்கள், போனில் இருப்பதை அழிக்காதீர்கள் என்று சொல்கிறேன். இந்த அக்கா விற்கத் தெரியாதவள் என்று ஒருவர் சொல்லிவிட்டும் போனார். லைன்மேன் சாரையும் அந்த அம்மாவையும் மகள் வந்து புதுச்சேரிக்கு அழைத்துப் போய்விட்டாள். கிளம்பும் முன் கடைக்கு வந்து சொல்லிக்கொண்டு போனார். ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைக்கிறேன். போகவில்லை. போனால் அந்த அம்மா என்னிடம் அன்பாகப் பேசுவார், அதைத் தாங்க முடியாது.

அவர்கள் கிளம்புவதற்குச் சில வாரங்களுக்கு முந்தைய ஒரு காலை நேரம் மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. புதிதாக அச்சடித்த படங்களை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். லைன்மேன் சார் பால் பாக்கெட்டோடு தன் வீட்டு வாசலிலேயே வெளியில் நின்றுகொண்டிருந்தார். கிரில் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. அதற்குப் பின்னால் அந்த அம்மா.

"யாருங்க?"

"நான்தாம்மா."

"நான்தான்னா யாரு? வீட்டுல ஆம்பள இல்லாத நேரத்துல வந்து நிக்கிறீங்க?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உறையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு கதவைப் பார்த்து, ரொம்ப மரியாதையான குரலில் சொன்னார்.

"லைன்மேன்மா. கரண்டு பாக்க வந்துருக்கேன்."

தாழ்ப்பாள் உடனே திறந்தது. அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு, அடுத்தவர் வீட்டுக்குள் போகிற மாதிரி ஒதுங்கி உள்ளே போனார். பால் பாக்கெட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டு டெஸ்டரை எடுத்துச் சுவரில் ஒரு பிளக்கைச் சோதித்தார். அந்த அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரரும் லைன்மேன்தாங்க. காலையில போனவரு, இன்னும் வரல. வழியில பாத்தீங்கன்னா சாப்பாடு ஆறிப்போவுதுன்னு சொல்லுங்க."

"சொல்றேம்மா."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. வேற யாரு சொன்னாலும் அவரு நம்பமாட்டாரு."

"சரிம்மா, சொல்றேன்" என்றார் லைன்மேன் சார், சுவரைப் பார்த்துக்கொண்டே.